இரு, வரேன்

பழைய துப்பறியும் நாவல் ஒன்றை எட்டு பகுதித் தொலைக்காட்சித் தொடராக மாற்றும் வேலை எனக்கு வந்தது. கதையை இந்தக் காலத்துக்குக் கொண்டுவர வேண்டும். படப்பிடிப்பு பாகூர் பக்கம் என்று முடிவானதால், அங்கேயே ஒரு கிராமத்தில் மாடி ஒன்றை ஒரு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்தேன்.

வீடு பார்க்கப் போன அன்று இரும்பு கேட்டை ஆட்டினேன். உள்ளிருந்து ஓர் ஆண் குரல் வந்தது.

"யாரு? இரு, வரேன்." பிறகு ஓர் இருமல்.

வெளியே வந்தது ஐம்பது வயதுப் பெண்மணி. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொம்பள நீ தனியாவா? சரி, வா" என்று சாவியைக் கொடுத்தார். அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா.

நாவலின் முடிச்சே ஒரு குரல்தான். பண்ணையார் அறைக்குள் இறந்து கிடக்கிறார். வேலைக்காரன் கதவுக்குப் பின்னால் நின்று அவரைப் போலவே பேசுகிறான். வெளியே இருப்பவர்கள் அவர் உயிரோடு இருக்கிறார் என்று நம்பிப் போய்விடுகிறார்கள். இன்றைக்கு இதை யாரும் நம்ப மாட்டார்கள். நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, செத்தவரின் குரலையே செல்போனில் ஓடவிட்டால் என்ன என்று எழுதி டைரக்டருக்கு அனுப்பினேன். பிரமாதம் என்று பதில் வந்தது. அந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

கீழே கேட் ஆடும் போதெல்லாம் அந்தக் குரல் கேட்கும். பால்காரர் வந்தாலும், கேஸ் சிலிண்டர் வந்தாலும், "யாரு? இரு, வரேன்." அப்புறம் இருமல். ஆனால் வருவது அக்கா மட்டும்தான். கொடியில் சேலைகள் மட்டுமே காய்ந்தன. கழுவிக் கவிழ்த்திருப்பது ஒரே தட்டு. உடம்பு முடியாமல் படுத்திருப்பார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மதியம் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். சித்திரை வெயில். தெருவில் ஆளில்லை, நாய்கூட இல்லை. உள்ளே கொக்கி போட்டிருந்ததால் கேட்டை ஆட்டினேன். குரல் வந்தது. அன்றைக்குச் சுற்றிலும் அவ்வளவு அமைதியாக இருந்ததால், குரலுக்குப் பின்னால் இருந்ததும் காதில் விழுந்தது. மழை. தகரத்தின் மேல் மழை கொட்டும் சத்தம். வார்த்தையோடு தொடங்கி, இருமலோடு சட்டென்று நின்றது.

என் காலடியில் மண் வெடித்துக் கிடந்தது.

அக்கா வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"உள்ள வா."

ஜன்னல் திட்டில் ஒரு பழைய செல்போன் சார்ஜில் கிடந்தது. பக்கத்தில் கையளவு ஸ்பீக்கர்.

"ரெண்டு வருஷம் ஆச்சு. ஐப்பசி மாசம், நான் வில்லியனூர் போயிருந்தேன். 'மழை ஊத்துது, பஸ்ஸு இல்லன்னா அங்கயே இரு'ன்னு எங்க வீட்டுக்காரரு போன்ல வாய்ஸ் மெசேஜ் அனுப்புறாரு. நடுவுல யாரோ கேட்ட ஆட்டுறாங்க. 'யாரு, இரு, வரேன்'ங்கிறாரு. அதோட சரி. நான் வந்து பார்த்தா கேட் தெறந்து கெடக்கு, அவரு பக்கத்துல விழுந்து கெடக்கறாரு. கொக்கி உள்பக்கம்தான் இருக்கு. அவரே தெறந்திருக்காரு."

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"ஹார்ட்டுன்னாரு. யாரும் கொன்னாங்கன்னு நான் சொல்லலப்பா. ஆனா வந்தது யாரு? ஊரு பூரா கேட்டேன். நான்தான்னு ஒருத்தரும் சொல்லல. விழுந்தத பார்த்துட்டுப் போயிருக்காங்க இல்ல?"

தவளக்குப்பத்தில் ஒரு செல்போன் கடையில் கொடுத்து அந்தத் துண்டை மட்டும் வெட்டி வாங்கியிருக்கிறார். யார் வந்தாலும் அதைப் போட்டுவிட்டு, ஜன்னல் இடுக்கு வழியாக அவர்கள் முகத்தைப் பார்ப்பாராம்.

"அன்னிக்கு வந்தவங்க இந்தக் கொரல கேட்டா மொகம் மாறும் இல்ல? உன்னையும் பார்த்தேன். மாறல. அதான் மாடிய குடுத்தேன்."

அன்று மாலையே டைரக்டரைக் கூப்பிட்டு, கதையில் அந்தக் குரல் வேண்டாம் என்றேன். காரணம் சொல்லவில்லை. அவர் ரெண்டு நாள் கோபித்துக்கொண்டார். கடைசியில், செத்தவரின் போனிலிருந்து யாரோ சாப்பாடு ஆர்டர் செய்கிறார்கள் என்று மாற்றி எழுதினேன். தொடர் வந்தபோது அதைத்தான் பலரும் பாராட்டினார்கள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு அக்கா கேட்டார்: "நீ இதே மாதிரி கதைதானே எழுதுற. வந்தது யாருன்னு நீ இன்னா நெனைக்கிற?"

எட்டு பகுதியிலும் ஆறு பேர் மேல் சந்தேகத்தைத் திருப்பிவிட்டவள் நான்.

"காத்துல ஆடியிருக்கும்க்கா."

"மழ சத்தம் அவ்ளோ கிட்ட கேக்குதே, அவரு ஜன்னலாண்ட நின்னுதான் பேசினு இருந்தாரு. ஆளு தெரியாமலா தெறக்கப் போனாரு?"

மறுநாள் அக்கா வயலுக்குப் போயிருந்தார். நான் கீழே துணி அலசிக்கொண்டிருந்தேன். கேட் ஆடியது. போய்த் திறந்திருக்கலாம். ஆனால் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். போனை அழுத்திவிட்டு, ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தேன். என் பக்கத்திலிருந்து அவர் பேசினார். தோளுக்கு அருகில் நின்று இருமினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே மீன்காரம்மா. குரலைக் கேட்டதும் கூடையை இறக்கி வைத்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகக் காத்து நின்றார்.

அக்கா திரும்பி வந்ததும் சொன்னேன்: "மீன்காரம்மா வந்துச்சு. மாறலக்கா."

"அவள எத்தினியோ தடவ பார்த்தாச்சு" என்றபடி அக்கா அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "சங்கராவா வாங்கின? நல்லா இருக்கு."

சாம்பலைத் தொட்டு, செதிலைத் தேய்க்க ஆரம்பித்தார்.