வயர் எட்டும் தூரத்தில்

படையில் எனக்குக் கணினி வேலை. முப்படைக்காரர்களும் ஒரே அறையில் வேலை பார்த்த வடக்கத்தி முகாம் அது. ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்து வந்தபோது, ஒரு கணினியிலிருந்து கோப்புகள் தானாக வெளியே போய்க்கொண்டிருந்தன. வீரர்களின் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் இருந்த பட்டியல். அந்தக் கணினி எங்கள் பிரிவினுடையது அல்ல. உத்தரவில்லாமல் தொட்டால் விசாரணை வரும். என் அதிகாரியிடம் ஓடினேன். அது அடுத்த படையின் பொறுப்பு, அவர்களைக் கேள் என்றார். அவர்களோ மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார்கள். நான் திரும்பி வந்து திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அனுமதி வந்து இணைய வயரைப் பிடுங்கியபோது பட்டியல் முழுவதும் போய்விட்டிருந்தது.

அடுத்த மாதம் பட்டியலில் இருந்த சில வீடுகளுக்கு அழைப்புகள் வந்தன. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் போட்டிருந்த ஓர் அம்மாவிடம், உங்கள் மகன் செத்துவிட்டான், உடல் கிடைக்காது என்று யாரோ நல்ல தமிழில் சொல்லியிருக்கிறார்கள். மகன் எங்கள் முகாமில்தான் இருந்தான். அன்று மாலையே வீட்டுக்குப் பேசினான். அவர் நம்பவில்லை. லீவில் போய் எதிரே நின்றபோது தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம். முகாமுக்குத் திரும்பிப் போன் செய்தால் மறுபடியும், “நீ யாருப்பா?” என்றாராம். ஒரே மாவட்டத்துக்காரன் என்று என்னிடம்தான் அதைச் சொல்லி அழுதான். நான் நடந்ததைச் சொல்லவில்லை.

ஓய்வு பெற்றுத் திண்டுக்கல் வந்தபிறகு ஒருநாள் பேப்பரில் படித்தேன். படைகளின் இணையப் பாதுகாப்புக்கு யார் தலைமை, யாருடைய உத்தரவு செல்லும் என்று தெளிவாக்கிச் சட்டம் வருகிறதாம். இனிமேல் யாருக்கும் அப்படி ஆகாது என்றாள் என் மனைவி. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நிலக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

அந்த அம்மா தோட்டத்தில் மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சட்டத்தைப் பற்றியும் சொன்னேன். அதை அவர் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

“நீ பாத்துக்கிட்டேதான் இருந்தியாப்பா?”

“ஆமாம்மா.”

“வயரு எட்டுற தூரமா?”

“எட்டுற தூரந்தாம்மா.”

மறுபடி மொட்டுப் பறிக்கத் தொடங்கினார். அப்போது முகாமிலிருந்து மகனின் அழைப்பு வந்தது. போனை என்னிடம் நீட்டினார்.

“கூட இருந்தவன்தானே நீ. எம்மகன்தானான்னு கேட்டுச் சொல்லு.”

பேசினேன். அவன் குரல்தான். சொன்னேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். “ஒன்னைய எப்பிடிப்பா நம்புறது?”

போனுக்குள் அவன் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.