கஞ்சாவில் கலந்த கொத்தமல்லி

செடிக்கு ஜாதகம் பாக்குற உத்தியோகம் எனக்கு. போலீஸ் பிடிச்சு அனுப்புற இலையும் தூளும் கஞ்சாதானான்னு ராமநாதபுரத்துல ஒரு தடய அறிவியல் ஆய்வகத்துல உக்காந்து பாத்துச் சொல்லணும். மெஷினுக்காகப் போட்ட ஏசியில வருஷம் பூரா எனக்கு ஜலதோஷம். ஏசிக்கு நேர் கீழ சீட்டு கிடைச்ச சக பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்குத்தான் இது.

தேவிபட்டினத்துக் கல்யாணம்

பந்தியில எனக்குப் பக்கத்து இலையில ஒரு பெரியவர். மாப்பிள்ளைக்குத் தாய்மாமனாம். "என்னத்தா வேலை பாக்குற?"ன்னு கேட்டார். கஞ்சாவுக்கு டி.என்.ஏ. பாக்குறேன்னு சொல்லித் தொலைச்சேன். அப்பளம் ஒடிச்ச கை அப்படியே நின்னுருச்சு.

இலை முழுசா இருந்தா மைக்ரோஸ்கோப்புல அது மேல இருக்கிற ரோமத்தைப் பாத்தே சொல்லிரலாம், நனைஞ்சு நொறுங்கிப் போயிருந்தா டி.என்.ஏ.தான் கதின்னு ரசம் ஆறுற வரைக்கும் விளக்கினேன். மனுஷன் எல்லாத்தையும் பொறுமையா கேட்டுக்கிட்டார். கடைசியில மோரை ஊத்திக்கிட்டே சொன்னார்: "ஏந்த்தா, கஞ்சாச் செடிக்கு அப்பன் யாருன்னு தெரிஞ்சு என்ன செய்யப் போறீக, சொத்தா பிரிக்கப் போறீக?"

ரைட்டரின் சந்தேகம்

தீவுப்பக்கத்து ஸ்டேஷன் ஒண்ணுலருந்து ரைட்டர் காளிமுத்து ஒரு பொட்டலத்தோட வந்தார். அந்த ஸ்டேஷன்ல எழுத்து வேலை பூரா அவர் தலையிலதான். பொட்டலம் கட்டி அரக்கு சீல் வைக்கிறதுல அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது.

கேஸ் இதுதான். அந்தோணின்னு ஒரு மீனவர் வீட்டுல, வலைக் குவியலுக்குப் பின்னால ஒரு சாக்கு நிறைய காஞ்ச இலை. எவனோ போட்டுக் குடுத்துட்டான். பிடிச்ச அன்னைக்கு மழை வேற. அந்தச் சாக்குலருந்து எடுத்த பொட்டலம் என் கைக்கு வந்தப்ப ஊறி, பூசணம் பூத்து, வடிகட்டின டீத்தூள் மாதிரி இருந்துச்சு. மைக்ரோஸ்கோப்புல ஒண்ணும் தேறலை. சரி, டி.என்.ஏ. எடுத்துருவோம்னு மெஷின்ல ஏத்தினேன். ரைட்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு எட்டி எட்டிப் பாத்தார். "ஏன் மேடம், நாள் பூரா கஞ்சாவா உள்ள தள்ளுறீங்களே, மெஷின் கிறுகிறுத்துப் போயி ரிசல்ட்டை மாத்திச் சொல்லிறாதா?"

கேட்டுக்கு வெளியே ரீட்டா

அந்தோணி ஜெயில்ல இருந்தார். கஞ்சா கேஸ்ல ஜாமீன் லேசுல கிடைக்காது. என் ரிப்போர்ட் வந்தாத்தான் அவருக்கு விடிவு. அவர் பொண்டாட்டி ரீட்டா இடுப்புல கைப்பிள்ளையோட ராமேஸ்வரம் பஸ் பிடிச்சு வந்து எங்க கேட்டுல நிப்பா. கேஸ்காரங்க கிட்ட நாங்க பேசக் கூடாது. அது அவளுக்கும் தெரியும்.

சாக்குல இருந்தது வெறும் நொச்சின்னு அந்தோணி பிடிபட்ட நாள்லருந்து கத்திக்கிட்டிருந்தாராம். நொச்சியும் கஞ்சாவும் விரல் விரிச்ச மாதிரி ஒரே சாயல்ல இருக்கும், உண்மைதான். நொச்சி வாசம் தெருமுனையிலயே தெரியும். என் மூக்குதான் அடைச்சுக் கிடக்கே! தெரிஞ்சாலும் கோர்ட்டுல போயி என் மூக்கைச் சாட்சிக்கு நிறுத்த முடியுமா? அன்னைக்கு நான் தும்மிக்கிட்டே கேட்டைத் தாண்டுறேன். ரீட்டா வாட்ச்மேனைப் பாத்துக்கிட்டு, எனக்குக் கேக்குற மாதிரி சத்தமா சொன்னா: "அண்ணே, அது நொச்சி இலை! கிழிஞ்ச வலையைப் பொத்துறப்ப கொசு பிடுங்குதுன்னு மூட்டம் போடக் காயவச்சது. பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் குடுக்கல, பேரு வைக்கல. பெத்த அய்யா வராம நான் கோயில் படி ஏற மாட்டேன், ஆமா!"

எல்லாமே இருக்கு

ரிசல்ட் வந்துச்சு. நொச்சி இருக்கு. அப்பாடான்னு மூச்சு விடுறதுக்குள்ள அடுத்த வரி: கஞ்சாவும் இருக்கு. அடக் கடவுளே! அதுக்கும் கீழ மல்லி, சீரகம். இது என்ன கேஸா, ரசப்பொடியா?

காளிமுத்துவுக்குப் போன் போட்டேன். பொட்டலத்துக்குள்ள நொச்சி எப்படி வந்துச்சு, அது சாக்குல இருந்ததான்னு கேட்டேன். "அது நான் போட்டது மேடம்"னார் பெருமையா. பூச்சி அரிக்காம இருக்க எல்லாப் பொட்டலத்துலயும் ரெண்டு நொச்சி இலை போடுவாராம். நொச்சி இவர் போட்டதுன்னா, மிச்சம் இருக்கிற கஞ்சா அந்தோணியோடதுன்னு ஆகிப்போகும். அந்த மனுஷன் ஜெயில்ல கிடந்து கத்துன ஒரே உண்மையையும் இவர் அக்கறை முழுங்கிருச்சு. அவர் விடலை: "எங்க வீட்டு அரிசிக்குக்கூட நான் இவ்வளவு பாத்துப் பாத்துப் போட்டதில்ல மேடம்!"

தராசு

"கஞ்சா இருக்குல்ல, அதை மட்டும் எழுதி முடிங்கம்மா"ன்னு ஒரு அதிகாரி போன்ல சொன்னார். எனக்கு வந்த கோபத்துல தும்மல்கூட நின்னுபோச்சு. எழுதினா அது பொய்யில்லதான். ஆனா அந்தப் பிள்ளை பேரில்லாமலே வளந்துரும்.

கோர்ட்டுக்கு எழுதிக் கேட்டேன். மாஜிஸ்திரேட் முன்னாடி அந்தச் சாக்குலருந்தே நேரா எடுத்த இன்னொரு பொட்டலம் அங்க இருந்துச்சு. அந்தப் பொட்டலம் கட்டினது கோர்ட்டுலயே, ஸ்டேஷன் வாசலையே மிதிக்காதது. காளிமுத்து கைப்பக்குவம் படாதது. துணுக்குத் துணுக்கா பிரிச்சுப் பாத்தேன். நொச்சி, நொச்சி, நொச்சி. கஞ்சா மருந்துக்குக்கூட இல்ல. மல்லி சீரகமும் இல்ல. அப்ப முதல் பொட்டலத்துல இந்த மூணும் ஒரே இடத்துல சேந்து ஏறியிருக்கணும்.

காளிமுத்துவை நேர்ல கூப்பிட்டுக் கேட்டேன். ஸ்டேஷன்ல தராசு ரிப்பேராம். பொட்டலம் கட்டுறதுக்கு முன்னாடி அந்தோணி வீட்டு இலையை எதிர்த்த மளிகைக்கடைத் தராசுலதான் கொட்டி நிறுத்தாராம். முந்தின நாள் வேற கேஸ்ல பிடிச்ச நிஜக் கஞ்சாவையும் அதுலதான் நிறுத்தாராம். சொல்லச் சொல்ல அவருக்கே முகம் வெளிறிப் போச்சு. நாற்காலியில பொத்துன்னு உக்காந்தார். "கடைக்காரர் பயந்ததெல்லாம் மல்லியில கஞ்சா கலந்துரும்னுதான் மேடம். கஞ்சாவுக்குப் பின்னாடியே மல்லியும் உங்க வரைக்கும் வந்து சாட்சி சொல்லும்னு எவனுக்குத் தெரியும்?"

நொச்சிக் கட்டு

நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். காளிமுத்துவும் தராசு விஷயத்தை மறைக்காம கோர்ட்டுல சொன்னார். அந்தோணியை விட்டுட்டாங்க.

ஒரு ஞாயிறு கழிஞ்ச திங்கக்கிழமை, கேட்டுல மூணு பேரும் நிக்கிறாங்க. பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. "பேரு வச்சாச்சு மேடம், ஜெரோம்!"னு ரீட்டா தூரத்துலயே கத்துறா. கேஸ்தான் முடிஞ்சிருச்சேன்னு நானும் கேட்டைத் திறந்து பிள்ளையை வாங்கிக்கிட்டேன். கண்ணு கலங்கிருச்சு, ஜலதோஷம்னு சொல்லிச் சமாளிச்சேன். அந்தோணி முன்னால வந்தார். பையிலருந்து ஒரு கட்டு பச்சை இலையை எடுத்து ரெண்டு கையாலயும் நீட்டினார். "நீங்க தும்மிக்கிட்டே இருக்கீகன்னு இவ சொன்னா மேடம். நொச்சிதான், கொதிக்க வச்சு ஆவி பிடிங்க. வேணும்னா மெஷின்ல ஒரு தடவை ஏத்திப் பாத்துட்டே பிடிங்க, நாங்க தப்பா நெனைக்க மாட்டோம்."

இத்தனை வருஷ உத்தியோகத்துல டி.என்.ஏ. பாக்காம நான் நம்பின ஒரே இலை அதுதான்.