பின்காற்றில் வந்த சாக்கு

கொழுந்துச் சாக்கு அத்தானின் நெஞ்சில் மோதிய நொடியில்தான் எனக்கு ரத்மலானை விமானம் ஞாபகம் வந்தது. அத்தான் கையிலிருந்த தடுப்புப் பலகையோடு சேர்ந்து பறந்துபோய் பேக்டரிச் சுவரில் விழுந்தார். வாயெல்லாம் ரத்தம்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேல்மலைக் கொழுந்து கம்பியில்தான் இறங்கும். சாக்கைக் கொக்கியில் மாட்டித் தள்ளினால் பள்ளத்தைத் தாண்டி பேக்டரி வாசலுக்கு வரும். கீழே ஒருவர் பலகையோடு நின்று அதைத் தடுத்து நிறுத்த வேண்டும். காற்றில்லாத நாளில் பாதியில் நின்று தொங்கும். இழுத்தே கை கிழியும். அதனால் பின்னாலிருந்து காற்றடித்தால் மேலே எல்லோருக்கும் கொண்டாட்டம். அன்று காற்று சவுக்கு மரங்களை முறித்துப் போட்டுக்கொண்டிருந்தது.

போன மாதம் சிநேகிதன் ஒருவனை வழியனுப்ப ரத்மலானை விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். இறங்க வந்த விமானம் சட்டென்று மேலேறி, வட்டமடித்து, எதிர்முனையிலிருந்து இறங்கியது. ஏன் என்று கேட்டு அங்கிருந்த அதிகாரியைத் துளைத்தெடுத்துவிட்டேன். காற்று திரும்பிவிட்டதாம். பின்காற்று சைக்கிள் வேகத்தைத் தாண்டினால் அந்த விமானம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. முதுகில் காற்று தள்ளினால் தரையில் வேகம் கூடும். ஓடுபாதை முடிந்தாலும் நிற்காது.

அத்தானைத் தூக்குவதற்குள் அடுத்த சாக்கு வந்து சுவரில் வெடித்தது.

"ஐயா, நிப்பாட்டச் சொல்லுங்க! இந்தக் காத்துல ஏரோப்ளேனே எறங்காதுங்க!" என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கிடம் கத்தினேன்.

"ஓஹோ, தொரை ஏரோப்ளேன்லதான் வேலைக்கு வாறாரோ? சாக்குலயே கெடந்தா கொழுந்து வெந்து போயிரும்டா!"

பிரம்பு என் காதைக் கிழித்தது. பிடுங்கி முறித்தேன். முகத்தில் குத்தினார், நானும் குத்தினேன். நாலு பேர் பிடித்துப் பிரித்தார்கள்.

"நாளைக்குப் பெரட்டு முடிஞ்சதும் கீழ நீதான் நிக்கிற," என்றார், உதட்டு ரத்தத்தைத் துப்பியபடி.

அத்தானுக்கு விலா எலும்பு முறிந்திருக்கிறது. மூச்சு விடும்போதெல்லாம் முனகுகிறார். நாளை காலை ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்ததும் அந்த இடத்தில் என் நெஞ்சு.

விமானத்துக்குத் தாங்கும் காற்றின் அளவு தெரியும். எங்கள் கம்பிக்கு? மேலே சாக்கு மாட்டும் அண்ணனிடம் சாயங்காலமே போனேன்.

"பெரட்டுக்கு முந்தி ஒரு சாக்க அனுப்பணும்ணே. கீழ பலகைய மட்டும் நட்டு வப்போம், யாரும் நிக்க மாட்டாங்க."

"ஆளில்லாத கம்பிக்கு யாருடா கொழுந்து குடுப்பான்?"

"மண்ணுதாண்ணே. கொழுந்துச் சாக்கோட எடைக்கு."

"கண்டாக்கு பாத்தா ரெண்டு பேரையும் அதே சாக்குல கட்டித் தள்ளிருவாரு," என்றார். ஆனாலும் சாக்கை எடுத்து வைத்தார்.

கம்பித் தூணில் ஒரு துணியைக் கட்டப்போகிறோம். அது எவ்வளவு நிமிர்ந்து பறக்கும்போது மண்சாக்கு பலகையை உடைக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு மேல் துணி நிமிர்ந்தால், யார் அடித்தாலும் அண்ணன் கொக்கியில் சாக்கு மாட்டமாட்டார்.