தலைக்கு ஆகாத பூ

காரைக்குடிப் பூக்கடையில் ஆரஞ்சு நிறச் செண்டுப்பூ மூட்டையை அவிழ்த்தார்கள். அந்தக் காட்டமான வாசம் மூக்கில் ஏறியதும், பத்து வயதில் ஒக்கூர்க் கல்யாண வீட்டு வாசலில் போய் நின்றேன்.

என் சடை எலிவால். மல்லிகை வைத்தால் தெருமுனைக்குள் நழுவிவிடும். செண்டுப்பூதான் என்னைப் போலவே பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும். அன்று இரண்டு வைத்திருந்தேன்; பின்னாலிருந்து பார்த்தால் விளக்கெரியும் லாரி.

அப்பாவின் அக்கா, பெரிய அயித்தை, வாசலை மறித்தார்.

"அடியே, அது பாடைக்குப் போடுற பூவு! எடுத்துட்டு உள்ள வா."

"தோரணத்துல அதத்தானே தொங்க விட்டிருக்கீக? நேத்து என் முட்டி கிழிஞ்சப்ப அந்தச் செடி எலையத்தானே கசக்கி வச்சீக? வாசலுக்கும் முட்டிக்கும் ஆகும், என் தலைக்கு ஆகாதா?"

"வாயப் பாரு! எடுக்காட்டி பந்தியில எடமில்ல."

பாயச வாசனை வந்தது. அழுகையும் வந்தது. கை மட்டும் பூவுக்குப் போகவில்லை.

பின்னால் வந்த அம்மா என் சடையிலிருந்து ஒரு பூவை உருவினாள். தோற்றேன் என்று நினைத்தேன். அவளோ அதைத் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள். "எங்க ரெண்டு பேருக்கும் எல போடச் சொல்லுங்க, மதினி."

"சாமிக்கா, மாலைக்கா, அக்கா?" என்றார் பூக்கடைக்காரர்.

"தலைக்கு. நல்லாப் பெருசாப் பாத்துக் குடுங்க."