பெண்களுக்கான தகர டப்பா

என்னைப் பக்திமான் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன மாதம் சபையில் சால்வை போட்டார்கள். அறுபது வருடமாகக் கடவுளைத் தேடிய மனிதர் என்று ஒரு இளம் போதகர் மைக்கில் பேசினார். நான் தேடவில்லை. தேடிக்கொண்டிருந்த ஒருத்தியின் வழியை மறித்துக்கொண்டு நின்றேன். அவள் என் தங்கை. அதை எழுதிவிட்டுத்தான் சாக வேண்டும்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். பூவிருந்தவல்லிக்கும் ஆவடிக்கும் நடுவே ஏரியை ஒட்டிய ஒரு கிராமத்தில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். பயிற்சி முடித்தவன். என் கையெழுத்து அச்சுப்போல் இருக்கும் என்று எல்லோரும் மெச்சுவார்கள். அந்தப் பெருமையும் எனக்கு இருந்தது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். புதுவருஷத்தன்று காலை ஆராதனை முடிந்ததும் இரண்டு தகர பிஸ்கட் டப்பாக்களைப் பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஒன்று ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு. உள்ளே சுருட்டிய சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். ஜெபம் பண்ணிவிட்டு ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். கைக்கு வந்தது எதுவோ அதுதான் அந்த வருடத்துக்குக் கடவுள் அவர்களுக்குச் சொன்ன வார்த்தை. நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிற ஜனங்கள். பாதிப்பேருக்கு எழுத்துத் தெரியாது. சபையைக் கவனித்துக்கொண்ட உபதேசியார் வாசித்துக் காட்டுவார். மனப்பாடம் பண்ணிக்கொண்டு சீட்டைக் கூரையில் செருகி வைப்பார்கள்.

சீட்டுகளை எழுதுவது நான். தித்திப்பான வசனங்களாகப் பார்த்துப் பொறுக்குவேன். கடவுள் கோபிக்கிற வசனம், மனிதன் அழுகிற வசனம் எல்லாவற்றையும் தள்ளிவிடுவேன். "புதுவருஷமும் அதுவுமா அழுவற வசனம் எதுக்கு வாத்தியாரே" என்று உபதேசியார் சொல்லியிருந்தார்.

என் மனைவி இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்த ஜுரத்தில் இறந்துபோனாள். மூன்று வயதில் ஒன்று, கைக்குழந்தை ஒன்று. பெற்றோர் இல்லாத எங்கள் வீட்டில் தங்கைதான் இருந்தாள். இருபது வயது. பொங்கிப் போட்டது, குழந்தையைக் குளிப்பாட்டியது, என் வேட்டியைத் துவைத்தது எல்லாம் அவள். அவளுக்கு இதில் சலிப்பு இருந்ததாக நான் பார்க்கவில்லை. பார்க்க முயன்றதும் இல்லை.

டிசம்பரில் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். வடக்கே ஒரு ஊரில் மிஷன் நடத்தும் தொழுநோய் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் பெண்களைப் பழக்குகிறார்களாம்.

"அண்ணா, நான் அங்க போவணும். சின்ன வயசுலேர்ந்து ஜெபம் பண்றேன், பாட்டு பாடறேன். அவர் எங்க கீறார்னு எனக்குத் தெரியல. அந்த ஜனங்ககிட்ட கீறார்னு மனசு சொல்லிக்கினே கீது. போய்ப் பாக்கணும்."

‘பயமாக இருக்கிறது, இந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக என்னால் முடியாது, கொஞ்ச நாள் இரு’ என்று சொல்லியிருக்கலாம். அண்ணனுக்கு, அதுவும் வாத்தியாருக்கு, அப்படிக் கெஞ்ச வெட்கம். "கடவுள் சித்தம் என்னவென்று தெரிய வேண்டும் அல்லவா?" என்று பிரசங்கம் பண்ணினேன்.

"அதுவும் சரிதான். புதுவருஷச் சீட்டு இன்னா சொல்லுதோ அத்தக் கேக்கறேன். போன்னா போறேன். இருன்னா இருக்கறேன்" என்றாள்.

அவள் எந்தச் சீட்டை எடுப்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆகவே எல்லாச் சீட்டுகளையும் ஒரே பொருளில் எழுதினேன். பெண்கள் டப்பாவுக்கு முப்பது சீட்டு. முப்பதிலும் காத்திரு, அமர்ந்திரு, நிலைத்திரு, உள்ள இடத்தில் தங்கியிரு. வேதம் பெரிய புத்தகம். தேடினால் எதுவும் கிடைக்கும். வழக்கம்போல அழகாக எழுதினேன்.

புதுவருஷத்தன்று தங்கை கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் ஜெபித்துவிட்டு ஒன்றை எடுத்தாள். வாசித்தாள். மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு பாயில் போய் உட்கார்ந்தாள். மற்றப் பெண்களுக்கு வரிசையாக வாசித்துக் காட்டிய உபதேசியாருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? வெளியே வந்ததும் என் தோளைத் தட்டினார். "பொம்பளைங்களுக்கு இந்த வருஷம் நல்ல அடக்கமான வசனமா பொறுக்கிக் கீறீங்க." அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் அவர் பல்லை உடைக்கலாம் போலிருக்கிறது. ஆனால் எழுதியவன் அவர் இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே, கிணற்றடியில் பேச்சு.

"ஒனக்கு இன்னா வந்துச்சிக்கா?"

"காத்திருன்னு. ஒனக்கு?"

"அமந்திருன்னு."

"ஐய, எனக்கும் தங்கியிருன்னுதான்டி! ஆண்டவர் இந்த வருஷம் பொம்பளைங்க அத்தினி பேரையும் ஒரே எடத்துல குந்தச் சொல்லிட்டார் போல."

வெள்ளானூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தி, வாய்த் துடுக்கானவள், சொன்னாள்: "நான் குந்திக்கினா நடவுக்கு அவரா வருவாரு? மேஸ்திரியாண்ட போய்ச் சொல்லு, சீட்டுல குந்தச் சொல்லிக் கீதுன்னு. சீட்டோட சேத்து உன்னையும் கிழிப்பான்."

கொல்லென்று சிரித்தார்கள். என் தங்கையும் அங்கே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பு மட்டும் கேட்கவில்லை. ராட்டினச் சத்தம் நின்றது.

சாயங்காலம் கேட்டாள். "அண்ணா, அந்தச் சீட்டுங்க நீ எழுதுனதா, அவர் குடுத்ததா?"

"கையெழுத்துதான் என்னுது. வார்த்தை அவருது."

என் வாழ்நாளில் இதைவிடக் கேவலமான பொய்யை நான் சொன்னதில்லை. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் அதன் கேவலம்.

அவள் இருந்தாள். ஒன்பது வருடம் இருந்தாள். கோயிலுக்கு வந்தாள், ஆனால் பாடுவதை விட்டுவிட்டாள். அடுத்த புதுவருஷத்தில் சீட்டெடுக்கக் கூப்பிட்டபோது பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. "போன வருஷத்துதே எனக்கு இன்னும் தீரல" என்றாள். பெண்கள் வேடிக்கையென்று சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருடமும் சீட்டுகளை நான்தான் எழுதியிருந்தேன்.

யுத்தம் வந்தது. ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் புழுதி கிளப்பின. பெரியவன் பட்டணத்தில் விடுதிப் பள்ளிக்குப் போனான். சின்னவள் தானே தலை பின்னிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தாள். ஒரு நாள் காலை தங்கை டிரங்குப் பெட்டியை எடுத்து வாசலில் வைத்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மாட்டு வண்டியில் ஆவடி ஸ்டேஷனுக்கு நான்தான் கூட்டிப்போனேன். வழியெல்லாம் சொல்லாமல் வைத்திருந்ததைப் பிளாட்பாரத்தில் சொன்னேன். முப்பது சீட்டையும் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "கெணத்தடியிலயே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் இருந்த?"

"பசங்க பசியாற வேணாமா? நீ சீட்டு எழுதலன்னாலும் இருந்திருப்பேன். ‘இரு’ன்னு ஒரு வார்த்த நீ கேட்டிருந்தா இருந்திருப்பேன்." அதுவரை அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பிளாட்பாரத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீ கேக்கல. ஆண்டவர் வாயிலேர்ந்து பேசுன. அன்னியிலேர்ந்து வேதத்தத் தொறந்தா எல்லா வசனமும் உன் கையெழுத்தாத் தெரியுதுண்ணா. ஜெபம் பண்ணா நீ பதில் சொல்ற மாதிரி கீது. ஒம்போது வருஷம்! ஆஸ்பத்திரிக்குப் போவாம இருந்தேனே, அது போவுது. அவரையே எங்கிட்டேர்ந்து புடுங்கிக்கினியே!"

மன்னித்துவிடு என்றேன். அவள் பதில் சொல்வதற்குள் ரயில் வந்துவிட்டது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். ரயில் வரக் கால்மணி நேரம் ஆயிற்று. அவள் பதில் சொல்லவில்லை.

நர்ஸ் பயிற்சிக்கு வயது கடந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். புண்ணில் கட்டிய துணிகளை வேகவைத்துத் துவைக்கிற வேலை கொடுத்தார்கள். செய்தாள். மாதம் ஒரு தபால் கார்டு வரும். பிள்ளைகள் சுகமா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, அவ்வளவுதான். எங்கள் ஜனங்கள் கடிதம் எழுதினால் தலைப்பில் ஒரு வசனம் எழுதாமல் தொடங்கமாட்டார்கள். அவள் கார்டுகளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஒவ்வொரு மாதமும் முதலில் அந்த இடத்தைத்தான் பார்ப்பேன்.

மூன்றாவது வருடம் ஒரு கார்டின் தலைப்பில் வசனம் இருந்தது. எனக்குச் சந்தோஷம். மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு வாசித்தேன். ஏன் என்னைக் கைவிட்டீர் என்று மனிதன் கடவுளைப் பார்த்துக் கதறுகிற வசனம் அது. அதற்குப் பிறகு அவள் சாகிறவரைக்கும் வந்த எல்லாக் கார்டிலும் அதே வசனம். அவள் கதறியது என்னைப் பார்த்து அல்ல, கடவுளைப் பார்த்து. யாரிடம் கேட்கிறோம் என்று தெரிந்து, என் கையெழுத்தில் அல்லாமல் தன் கையாலேயே எழுதியிருந்தாள். நான் எத்தனையோ வருடம் சீட்டு எழுதினேன். அந்த வசனத்தை ஒரு டப்பாவிலும் போட்டதில்லை.