திரும்பி வராத சாமான்கள்

அந்தப் பெரிய கடையில் அவளை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வருபவர்களுக்கென்று பின்வாசலை ஒட்டி ஒரு மேசை உண்டு. பல ஆண்டுகளாக அந்த மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்ததால், வாசல் காவலர் முதல் மேல்மாடி விற்பனையாளர் வரை அனைவருக்கும் அவள் 'வாபஸ்'. வயதில் இளையவர்களுக்கு 'வாபஸ் அக்கா'. அவள் வாயும் வயிறுமாக இருந்த மாதங்களில் மேலாளர்கூட, "வாபஸ், எதையும் தூக்காதம்மா, கூப்பிட்டா ஆள் வரும்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவள் வேலைக்கு இரண்டே விதிகள். வாங்கியவரே ரசீதோடு நேரில் வரவேண்டும், "என்ன காரணம்?" என்று கேட்டுப் பதிந்த பிறகே பொருளைத் திரும்ப எடுக்கவேண்டும். இவற்றை அவள் யாருக்காகவும் தளர்த்தியதில்லை. மேலாளரின் மைத்துனர் ஒருமுறை தம் மனைவி வாங்கிய மிக்சியோடு வந்து நின்றார். வந்த வழியே அதைச் சுமந்துகொண்டு போனார்.

அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் யாரும் உண்மை சொல்வதில்லை. "கலர் பிடிக்கல" என்பார்கள். வீட்டில் நடந்த சண்டை, கணவனுக்குத் தெரியாமல் வாங்கியது, அடுத்த வீட்டுக்காரி வாங்கினாள் என்று தானும் வாங்கியது எல்லாம் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடும். நிறமே இல்லாத கண்ணாடித் தம்ளர்களைத் திருப்பிக் கொடுக்க வந்தவரும் அதையேதான் சொன்னார். அவளும் முகம் மாறாமல் பதிந்துகொண்டாள்.

குழந்தைச் சாமான்கள்தாம் அதிகமாகத் திரும்பி வந்தன. பெட்டி பிரிக்காத நடைவண்டி, பாட்டுப் பாடும் ஊஞ்சல், பொம்மைகள் தொங்கும் குடை என்று மேசைக்குப் பின்னால் குவிந்துகிடக்கும். ஆகவே தன் முறை வந்தபோது அவளுக்குக் குழப்பமே இல்லை. தன் மேசைக்குத் திரும்பி வராத சாமான் எதுவோ, அதுதான் தேவையான சாமான். பழகிய பருத்தித் துணிகள், மெல்லிய துண்டுகள், ஒரு ரப்பர் விரிப்பு, குளிப்பாட்ட ஓர் அகன்ற தொட்டி, இரண்டு பால்புட்டிகள். அலமாரியில் ஒரு தட்டு நிறைந்ததும் வாங்குவதை நிறுத்திவிட்டாள். சமையலறையை ஒட்டிய சின்ன அறையைக் கூட்டித் துடைத்து வெறுமையாக விட்டுவைத்தாள்.

கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழில் செய்யும் அவள் கணவன் அந்தத் தட்டின் முன்னால் நின்று தலையைச் சொறிந்தான்.

"இவ்வளவுதானா? குழந்தை நம்மகூட இருக்கப் போகுதா, இல்ல ஒரு நாள் தங்கிட்டுப் போகப் போகுதா?"

"என்னென்ன வாங்கலன்னு குழந்தைக்கா தெரியப் போகுது?"

"எங்க அக்காவுக்குத் தெரியுமே!"

அவன் பயந்தது வீண்போகவில்லை. நாத்தனாருக்குப் பேருந்துப் பணிமனையில் கண்காணிப்பாளர் வேலை. குரலும் பெரியது, மனமும் பெரியது, வாங்கித் தரும் பொருள் எல்லாவற்றையும்விடப் பெரியது. அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆட்கள் ஒரு குழந்தைக் கட்டிலைப் பாகம் பாகமாகத் தூக்கி வந்தார்கள். கீழே இழுப்பறைகள், மேலே வலைக்கூடாரம், நான்கு கால்களிலும் சக்கரம். சின்ன அறையில் அதைப் பூட்டி முடித்தபோது அறைக்கதவு பாதிதான் திறந்தது.

"எப்படி?" என்றாள் நாத்தனார், இடுப்பில் கைவைத்தபடி. "உன் கடைலதான் வாங்கினேன். உனக்குத் தெரியாம எடுக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

"அண்ணி, இது வேண்டாமே. இதே கட்டில் எங்ககிட்ட எத்தனை திரும்பி வந்திருக்கு தெரியுமா?"

"வந்தா வரட்டும். அவங்களுக்கெல்லாம் வெச்சுக்கத் தெரியல."

அவள் அலமாரியைத் திறந்து காட்டித் தன் கணக்கை நிதானமாக விளக்கினாள். நாத்தனார் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு பால்புட்டியைக் கையில் எடுத்தாள்.

"தாய்ப்பால் மட்டும்தான் குடுப்பேன்னு சொன்னியே. அப்புறம் இது எதுக்கு?"

"இதுவரைக்கும் புட்டி ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல அண்ணி. எல்லாருக்கும் உதவுதுன்னுதானே அர்த்தம்?"

"ஏம்மா, வாயில வைக்கிற சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம்னு கொட்டை எழுத்துல எழுதி ஒட்டியிருக்கீங்களே! உன் தலைக்கு மேலேயே ஒட்டியிருக்கு. அப்புறம் எப்படித் திரும்பி வரும்?"

கணவன் குபீரென்று சிரித்தான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அவசரமாக மின்விசிறியை ஆராயத் தொடங்கினான்.

தினமும் அந்த அறிவிப்புக்குக் கீழேதான் அமர்கிறாள்; அண்ணாந்து பார்த்ததில்லை.

"சரி, புட்டி என் தப்பு. ஆனா கட்டில் வேண்டாம்."

"அதான் ஏன்? என்ன காரணம்?"

அது அவளுடைய கேள்வி. மேசையின் மறுபக்கத்தில் நின்று அதற்குப் பதில் சொல்வது எப்படியிருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"இடத்தை அடைக்குது."

"இந்த ரூமில வேற என்னத்த வெக்கப் போற?"

"அது வந்து... இந்தக் கலர்..."

சொல் பாதியில் நின்றது. அவள் மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தாள்.

"அப்பா இங்க வந்து தங்கணும் அண்ணி. இந்த ரூம் அவருக்கு."



அவளுடைய தாய் இறந்து வெகுகாலம் ஆகிறது. ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலைபார்த்து அவளை ஆளாக்கியவர் தந்தைதான். இப்போது ஓய்வுபெற்றுத் தனியாக இருக்கிறார். குழந்தைக்குத் துணி குறைவாக இருக்கவேண்டுமானால் அன்றைக்கன்றைக்கே துவைத்து உலர்த்த ஆள் வேண்டும். அந்த ஆள் படுக்க இடம் வேண்டும். அலமாரித் தட்டின் முழுக்கணக்கு இதுதான். போனமுறை வந்தவர் கூடத்தில், கணவனின் கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே படுத்தார். "உங்களுக்கு இடைஞ்சல்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காபியின் சூடு ஆறுவதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அவருக்கென்று ஓர் இடம் கண்ணுக்குத் தெரிந்தாலன்றித் தங்கமாட்டார்.

"அம்மா இருந்திருந்தா நானே கேக்க வேண்டியதில்ல. எல்லாரும் கூப்பிட்டிருப்பீங்க" என்றாள் அவள். "பிரசவத்துக்கு அப்பாவைக் கூப்பிடுறேன்னு எப்படிச் சொல்றது?"

"ஆம்பளை, பச்சைக் குழந்தை துணி துவைப்பாரா?"

"அத்தனை நோயாளிங்க துணியைத் துவைச்சவர், பேத்தி துணிக்கா மூக்கைப் பிடிச்சுக்குவார்?"

"பேத்தின்னே முடிவு பண்ணிட்டியா?" என்ற நாத்தனார், உடனே குரலை உயர்த்தினாள். "இதைச் சொல்றதுக்கா பால்புட்டி வரைக்கும் சுத்தி வளைச்ச? டேய் தம்பி, உனக்காவது தெரியுமா?"

"எனக்கே இப்பத்தான்க்கா தெரியும்."

"நல்லாக் குடும்பம் நடத்துறீங்க, போங்க!" நாத்தனார் கைப்பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள். அது கோபமா இல்லையா என்று அக்காவோடு பிறந்து வளர்ந்தவனாலும் சொல்ல முடியவில்லை. கட்டில் அறையை அடைத்துக்கொண்டு நின்றது. அதைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு மட்டுமே; அது அவள் கட்டிக்காத்த விதி.

செவ்வாய்க்கிழமை காலை அவள் மேசையின் முன் நீண்டிருந்த வரிசையில், திரைச்சீலையோடு நின்ற ஒரு பெண்ணுக்கு முன்னால் நாத்தனார் நின்றாள். நாத்தனாருக்குப் பக்கத்தில் அதே இரண்டு ஆட்கள், பாகம் பாகமாகக் கழற்றிய அதே கட்டிலோடு.

"ரசீது இருக்கா?" என்றாள் அவள்.

"இருக்கு."

"என்ன காரணம்ங்க?"

திரைச்சீலைக்காரி காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். நாத்தனார் அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, பேருந்துப் பணிமனையில் ஆட்களை அழைக்கும் அதே பெரிய குரலில் சொன்னாள்:

"கலர் பிடிக்கல."

அவள் முகம் மாறாமல் பதிய முயன்றாள். இம்முறை முடியவில்லை.

"பணமாத் தர மாட்டோம். அதே விலைக்கு வேற பொருள் எடுத்துக்கலாம்."

"தெரியும். பெரியவங்க படுக்கிற மாதிரி கெட்டியான மெத்தை, கூட ஒரு மடக்குக் கட்டில். எந்த மாடி?"

"மூணாவது மாடி அண்ணி. என்ன கலர்ல பாக்கறீங்க?"

"கலர்ல என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு நடந்த நாத்தனார், நின்று திரும்பினாள். "அந்தப் புட்டியையும் கொண்டு வந்திருப்பேன். நீதான் எடுக்க மாட்டியே!"

மதிய இடைவேளையில் அவள் தந்தையைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அப்பா, சின்ன ரூமில உங்களுக்குப் போட மெத்தை, கட்டில் எல்லாம் எடுத்தாச்சு. அண்ணி வாங்கிக் குடுத்தாங்க."

"எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? திருப்பிக் குடுத்துடச் சொல்லு."

"மெத்தையைத் திரும்ப எடுக்க மாட்டோம்ப்பா. போர்டுல எழுதியிருக்கு, இன்னிக்குத்தான் முழுசாப் படிச்சேன். நீங்க வந்துதான் ஆகணும்."

மறுமுனையில் ஒரு பையை இழுத்துத் திறக்கும் சத்தம் கேட்டது.

"துணி துவைக்க சோப்பு வாங்கியிருக்கியா?"

"வாங்கியிருக்கேன்ப்பா." எந்தச் சோப்பு என்றும் சொன்னாள்.

"அதைத் திருப்பிக் குடுத்துடு. நான் கொண்டு வரேன்."

என்ன காரணம் என்று அவள் கேட்கவில்லை.