சுங்கானுக்குள் குங்குமம்

இசக்கிசெல்விக்குக் குழப்பம் வந்தால் மூக்குத்தியைத் திருகுவாள். பதினோரு வருடமாக அவளோடு ஒரே கூரையின் கீழ் வேலை பார்க்கிறேன். அந்த வாரம் சுழன்றதைப் போல அந்த மூக்குத்தி ஒருநாளும் சுழன்றதில்லை.

எங்களுக்கு வேலை மலையாளக் கரையில், மட்டாஞ்சேரியில், ரஷீது இக்காவின் பழம்பொருள் கடையில். முன்பக்கம் என் ராஜ்ஜியம். வருகிறவர்களிடம் எனக்குத் தெரிந்த நாலு பாஷையையும் கலந்து பேசி விற்பேன். பின்பக்கம் ஒரு பழைய அரிசிக் கிட்டங்கி, அது இசக்கிக்கு. பழம்பொருள் என்பது பலகையில் இருப்பதோடு சரி. முக்கால்வாசிச் சாமான் போன மாதம் கடைசல் பட்டறையிலிருந்து சாக்கில் வந்ததாக இருக்கும். அதைப் பழசாக்குவதுதான் அவள் வேலை. பாலில்லாத கட்டன்சாயாவில் ஊறப்போடுவாள். வினிகரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு வைத்து அந்தத் தண்ணீரைத் தடவுவாள். சிரட்டைக் கரியைத் தேனில் குழைத்துப் பூசுவாள். காலையில் பிறந்த பெட்டி சாயங்காலம் நூறு வயதுக் கிழமாக உட்கார்ந்திருக்கும்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. புருஷன் வீரபாண்டியோடு கலூரில் கட்டட வேலைக்கு மண் சுமக்க வந்தவள். ஒருநாள் இக்கா ஒரு கதவைக் கழுவ ஆள் தேடியபோது இவள் வந்தாள். உப்புத்தாளைக் கையில் கொடுத்ததும் கதவின் இண்டு இடுக்கெல்லாம் அவள் விரல் போன விதத்தைப் பார்த்து, மறுநாளிலிருந்து இங்கேயே இருந்துவிடு என்றார். அவளுடைய பெரிய குறை, வாயால் பொய் சொல்ல வராது. கையால் நாள் முழுக்கச் சொல்வாள். ஒருமுறை ஒரு டில்லிக்காரர் பெட்டியைக் காட்டி எவ்வளவு பழசு என்று கேட்க, இவள் விரல்விட்டு எண்ணி, "பத்து நாளாச்சு" என்றாள். நல்லவேளை, அவருக்குத் தமிழ் தெரியாது. பின்கட்டில் நடப்பது முன்கட்டுக்கு வரக்கூடாது என்று இக்கா அன்றைக்குப் போட்ட சட்டம் இன்றுவரை அமலில் இருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை சேவியர் அண்ணாச்சி ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். தூத்துக்குடிக்காரர். வெலிங்டன் தீவில் கப்பல்களைத் துறைக்கு இழுத்து வரும் படகில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெட்டிக்குள் புகையிலை அடைத்துப் பிடிக்கிற சுங்கான் ஒன்று இருந்தது. அயர்லாந்திலிருந்து மகள் டெல்மா கொண்டுவந்தது என்று முடிவெட்டுகிறவரிலிருந்து படகுத்துறை டிக்கெட்காரர் வரைக்கும் காட்டியாகிவிட்டது. கப்பல் கேப்டன்கள் மேல்தட்டில் நின்று சுங்கான் பிடிப்பதைக் கீழே நின்று பார்த்தே காலம் கழித்தவர். ஒரு நாளைக்காவது அப்படி நிற்க வேண்டும் என்ற ஆசை மகளுக்குத் தெரியும்.

"தங்கச்சி, இதோட சட்டிக்குள்ள, புகையிலை அடைக்கிற இடத்துல, கறுப்பா ஒண்ணு பூசியிருக்கான் பாத்தியா? புகையிலை ருசியே தெரியல. ஒரே கசப்பு, தலைவலி. இதைச் சொரண்டி எடுத்துத் தரணும்."

"எடுக்கலாமா அண்ணாச்சி?"

"அதாம்மா எனக்கும் கன்ஃபியூஷன். போன் வீடியோவுல ஒரு வெள்ளைக்காரன் முதல்ல அதைச் சொரண்டுங்கிறான். இன்னொரு வெள்ளைக்காரன் தொட்டா மரம் கருகிப்போகும்ங்கிறான். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி தாடி. யாரை நம்ப?"

இசக்கி சிரித்துவிட்டாள். "கறுப்பு பூசச் சொல்லித்தான் எல்லாச் சாமானும் எங்கிட்ட வரும். எடுக்கச் சொல்லி வந்தது இதான் மொத தடவ."

எங்கள் கடை அலமாரியிலும் சுங்கான்கள் உண்டு; ஆனாலும் எங்கள் இருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. சுங்கான்களெல்லாம் ஒரே ஜாடை. தவிர, அயர்லாந்து என்று ஒருவர் சொல்லிவிட்டால் கண்ணும் அயர்லாந்தைத்தான் பார்க்கும்.

மறுநாள் ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, உள்ளே விட்டுத் துடைத்தாள். கறுப்பு சுலபமாக வந்தது. அடியில் ஒட்டியிருந்ததை, பென்சிலில் உப்புத்தாளைச் சுற்றி மெல்ல மெல்லத் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் மூக்குத்தி சுழன்றுகொண்டிருக்கிறது.

"சகீலா, அயர்லாந்துல இசக்கியம்மன் கோயில் இருக்கா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டியை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினாள். உள்சுவரில் பட்டாணி அளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது.

"போன கார்த்திகையில ரெண்டு டஜன் சுங்கான் வந்துச்சுல்ல? ஒண்ணுல மரம் ஓட்டையா இருந்துச்சு. மரத்தூளையும் பசையையும் குழைச்சு அடைச்சேன். நிறம் வெளிறிப்போச்சு. செவக்கட்டும்னு பர்ஸுல கிடந்த குங்குமத்தை ஒரு சிட்டிகை போட்டேன். மேல கரியைப் பூசிட்டேன். மொதலாளியும், சும்மா அலமாரியில வைக்கிற சாமான், இதை எவன் பத்தவைக்கப் போறான்னாரு."

எனக்குக் காது சுட்டது. அந்த டிசம்பரில் ஒரு பெண் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். ஒரு சுங்கானை எடுத்தாள். நல்ல பெட்டி இருக்கிறதா, இந்த விலைச்சீட்டை எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். நகத்தால் சுரண்டி எடுத்துக் கொடுத்தது சாட்சாத் நான்தான். அவள் யார் என்று நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

இதை அண்ணாச்சியிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் டெல்மாவின் பொய் வெளியே வரும். ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட மனிதர் எந்த முகத்தோடு படகுத்துறைக்குப் போவார்? சொல்லாவிட்டால்?

"பேசாம மறுபடி அடைச்சுப் பூசிக் கொடுத்துரு இசக்கிக்கா. கறுப்பு போகலைன்னு நான் சொல்லிக்கிறேன்" என்றேன். பொய் சொல்வதில் எனக்கு அனுபவம் உண்டு.

"ஏட்டி, அவர் அதை வாயில வச்சு இழுக்காரு. தலைவலிங்காரு. எம் பசை எரிஞ்சு அவர் நெஞ்சுக்குள்ள போகுது. கொலைகாரின்னு பேர் வாங்கவா?"

"அப்ப சொல்லிரு."

"பெத்த மவ ஏமாத்திட்டான்னு நான் எப்படிச் சொல்ல?"

இக்காவிடம் கேட்டதற்கு, "உடைஞ்சு போச்சுன்னு சொல்லி வேற ஒண்ணு எடுத்துக் கொடு" என்றார். அலமாரியில் மிச்சமிருந்தவை அதே பட்டறைச் சரக்கு. அயர்லாந்து என்ற பெயரில் ஒரு மட்டாஞ்சேரி போய், இன்னொரு மட்டாஞ்சேரி அவர் கைக்கு வரும். எங்கள் மூவர் மூளையையும் கூட்டினாலும் ஒரு வழி பிறக்கவில்லை.

வியாழக்கிழமை இசக்கி அடைப்பைத் தோண்டி எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் மரம் காகிதம் போல இருந்தது. இனி நெருப்பு வைத்தால் பொத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை முழுக்க அதைத் துணியில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். நடுவில் ஒரு பெட்டிக்குச் சாயா தடவ வேண்டியதை இரண்டு தடவை தடவி, அது முந்நூறு வயதுக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை மதியம் அண்ணாச்சி வந்தார். நான் பின்கட்டு வாசலில் நின்றேன். மனதுக்குள் ஓதாத துஆ இல்லை.

இசக்கி சுங்கானை நீட்டினாள். "அண்ணாச்சி, இதுல நீங்க பிடிக்கக்கூடாது. உள்ள ஓட்டை இருக்கு. பசை வச்சு அடைச்சிருந்துச்சு, அதான் கசந்துச்சு." மூக்குத்தி ஒரு சுற்று சுற்றியது. "அடைச்சது நான்தான். கறுப்பு பூசினதும் நான்தான். மன்னிச்சிருங்க."

அவர் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கோபப்படுவார், அழுவார், பெட்டியைத் தூக்கி எறிவார் என்று என்னென்னவோ எதிர்பார்த்தேன். அவர் அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"பெட்டிக்கு அடியில அமுக்கி வச்சிருந்தது மலையாளப் பேப்பர்மா. டிசம்பர் மாசத் தேதி. அயர்லாந்துல ஏது மலையாளப் பேப்பர்?"

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பேப்பரை அமுக்கி வைத்ததும் நான்தான்.

"அப்ப தெரிஞ்சுமா சொரண்டச் சொன்னீங்க?" என்றாள் இசக்கி.

"தெரிஞ்சும் தெரியாத மாதிரிதான் இருந்துச்சு. பெட்டி மட்டும் இந்த ஊரா இருக்கும், சாமான் அங்கத்ததுன்னு ஒரு நாள் நினைப்பேன். மறுநாள் இல்லைன்னு தோணும். கறுப்பைச் சொரண்டினா அடியில அயர்லாந்து இருக்குதான்னு பாக்கலாம்னுதான் வந்தேன்."

சுங்கானை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மகளைப் பற்றிச் சொன்னார்.

"மொத்தம் ஒம்பது நாள் லீவு. அஞ்சு நாள் மாமியார் வீடு, ஒரு நாள் ஆஸ்பத்திரி. இதுக்கு நடுவுல மறந்திருக்கா. பெறவு ஞாபகம் வந்து இங்க ஓடியாந்திருக்கா. ஞாபகம் வந்துச்சுல்ல, அது போதாதா?"

இசக்கி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மனுஷர் இவ்வளவு நல்லவராக இருப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"பழையபடி கறுப்பைப் பூசிரு தங்கச்சி. நாளைக்கு அவ வீடியோவுல கூப்பிடுவா. கசக்குதுன்னு போன வாரம் வாய் தவறிச் சொல்லிட்டேன். வாயில வச்சுக் காட்டணும்."

"பத்தவைக்க மாட்டீங்கள்ல?"

"மாதா சத்தியம். வெறும் சட்டிதான்."

இந்தத் தடவை அவள் பசை டப்பாவைத் திறக்கவில்லை. சிரட்டைக் கரியை மை போல அரைத்து, நல்ல தேனாக வாங்கிவரச் சொல்லிக் குழைத்து, ஓட்டையோடு சேர்த்து விரலால் பூசிக் காயவைத்தாள். காம்புக்குள்ளும் தேன் கொஞ்சம் இறங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அண்ணாச்சி அதை வாங்கிக்கொண்டு வாசல் தாண்டுவதற்குள் போன் அடித்தது. தெருவிலேயே நின்று, கேப்டன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, வெறும் சுங்கானை வாயில் கடித்தார். டெல்மாவின் குரல் எங்களுக்கும் கேட்டது.

"இப்பவும் கசக்குதா டாடி?"

அண்ணாச்சி ஓர் இழுப்பு இழுத்தார். "இல்லம்மா. தேனா இனிக்குது."

இசக்கி சட்டத்தை மறந்து முன்கட்டுக்கே வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொய் இல்ல சகீலா, தேன்தான் பூசியிருக்கேன்" என்றாள்.